சத்தமில்லாத நாலு நாள்

"அங்க டி.வி. கூட இல்லியா?" என்று கேட்டாள் கார்குழலி.

"இல்ல. கரண்டே சாயங்காலம் ரெண்டு மணி நேரந்தான்" என்றான் கோதண்டம், அதுதான் அந்த இடத்தின் பெருமை என்பது போல.

திருமணமாகி இருபத்தாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து வெளியூர் போனதில்லை. ஒரு வருஷம் மாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை. ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை. இன்னொரு வருஷம் வெள்ளம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, இந்த மே மாதம் நாலு நாள் லீவு போடுகிறேன் என்று அவனாகவே சொன்னபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவன் பிடித்து வைத்திருந்த இடத்தைக் கேட்டதும்தான் முகம் சுருங்கியது. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தீவாம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதில் நாலே நாலு ஓலைக் குடில்.

"மைசூர் போலாம்யா. அரண்மனைக்கு லைட்டு போடுவாங்களாம். பக்கத்து வூட்டு மெர்லின் போய்ட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கினு இருந்தா."

"அங்க ஜனம் ஜாஸ்தி, குழலி. ஒரே பேஜாரு."

"சரி, இந்தத் தீவுல கடல் பக்கமா ரூம் கேட்டியா?"

"ஏரிப் பக்கம் கேட்டுக்கீறேன். கடல் பக்கம் அலை சத்தம் ஓயாது."

கடலோரத்துக்கே போய், கடல் வேண்டாம் என்கிற மனுஷனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"படகுல கூட மோட்டார் வேணான்ட்டேன். துடுப்பு போட்டே இட்டுனு போவாங்கோ. அந்த நாலு நாளைக்கு வேற யாருக்கும் குடில் தராதன்னு உசேனாண்ட சொல்லிட்டேன். அவன்தான் அந்தக் குடிலெல்லாம் பாத்துக்கிறான்."

கார்குழலி திரும்பி நின்று அரிசி களையத் தொடங்கினாள். "அப்போ நான் யாராண்ட பேசறது?" என்றாள் மெதுவாக.

வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி போனது. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கி அடங்கின. அவன் பதில் சொல்லவே இல்லை.

அவள் பேச்சுக்காரி. எம்.கே.பி. நகரில் ஒரே அறையில் எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில், இரும்புத் தகடு அடிக்கிற பட்டறையிலிருந்து திரும்பியதும் கோதண்டம் தலைக்குக் கையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்பான். குழாயடியில் யாருக்கு யாரோடு சண்டை, எந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது, எல்லாம் வேண்டும் அவனுக்கு. அவள் மூச்சு விட நிறுத்தினால், "அப்பால?" என்பான். ஒரு வருஷமாக அந்த 'அப்பால' இல்லை. இப்போதெல்லாம் அவள் பேசினால் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டுகிறான். மீன் குழம்பா, ரசமா என்று கேட்டால் 'சரி' என்கிறான்.

தன் குரல் அவனுக்குப் புளித்துவிட்டது என்று அவளுக்குப் பல நாளாகவே ஒரு எண்ணம். இன்று அது உறுதியாகிவிட்டது. வீட்டில் பேசாமல் இருந்தது போதாதென்று, பேச்சே இல்லாத ஊராகத் தேடிப் பிடித்திருக்கிறான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், காலண்டர் ஓரத்தில் எழுதியிருந்த உசேனின் நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள்.

"நான் கோதண்டம் வூட்லேர்ந்து பேசறேன் தம்பி. நான் அங்க வரல. அவருக்கு மட்டும் ரூம் வெச்சுக்கோ. தனியா வந்து நிம்மதியா இருந்துட்டுப் போட்டும்."

"ஏன்க்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீது. சத்தம் ஆவாத மனுஷனுக்கு நான் எதுக்குத் தம்பி கூட? நான் வாயத் தொறந்தா மூடவே மாட்டேன்." சிரித்துச் சொல்லத்தான் நினைத்தாள்.

உசேன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"இன்னா சொல்லணும்?"

"போன ஞாயித்துக்கெழமை நேர்ல வந்தாரு."

பட்டறையில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை அது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒவ்வொரு குடில்லயும் போய்க் கண்ண மூடி உக்காந்துகிட்டு, எதையாவது மெதுவாப் பேசுப்பான்னு என்கிட்ட சொன்னாரு. மூணு குடில் வேணான்னுட்டாரு. ஏரிப் பக்கம் கடைசிக் குடில்ல உக்காந்ததும், இதுதான் எனக்கு வேணும்னு கையப் புடிச்சிக்கிட்டாரு. நீங்க வரலைன்னா அவரு மட்டும் அங்க வந்து என்னக்கா பண்ணுவாரு?"

"ஏன் தம்பி, சத்தமே இல்லாத எடத்துல அவருக்கு நான் எதுக்கு?"

உசேன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இந்த வருஷத்தோட ரெண்டு காதும் சுத்தமாப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாராம்க்கா. அதுக்குள்ள, வேற ஒரு சத்தமும் குறுக்க வராம, நாலு நாள் நீங்க பேசறத மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கணுமாம்."