புல்லட்டுக்குக் குளிருமாம்

“சாவியைக் குடுங்க” என்று ரத்தினபாய் கையை நீட்டினார்.

லாசரஸ் மறுபேச்சு பேசாமல் புல்லட் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர் கேட்டால் கட்டிய புருஷனானாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சேலையூரில் பாதிப் பேர் அந்த அம்மாளின் விசிலுக்கு ஓடியவர்கள். இப்போதும் மூன்று மாதமாக விடிந்ததும் விடியாததுமாக வாக்கிங் போய், ஆள் இன்னும் விறைப்பாகியிருந்தார். இன்றைக்கும் சுடிதாரும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாகத்தான் நின்றார்.

போர்ட்டிகோவில் ஒரு ஸ்டூல் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் கனடாவிலிருந்து மகன் ஜாய்சன். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே குளிர் ஆரம்பித்தால் எல்லோரும் பைக்கைத் துடைத்து, பேட்டரியைப் பிடுங்கி, போர்த்தி வைத்துவிடுவார்களாம். அதையே இங்கேயும் செய்யச் சொல்லி ஒரு வாரமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

“இங்க ஃபேன் போட்டும் வேர்க்குதுடா” என்றார் லாசரஸ். “புல்லட்டுக்கு எங்க குளிரப்போவுது?”

“வண்டிக்காக இல்லப்பா. உங்களுக்காக.”

ஜூலையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பழைய ஹெட்லைட் தேடிப் போனவர், திரும்பும் வழியில் வண்டியோடு சாய்ந்தார். இடது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். அந்தக் கையால் இனி கிளட்ச் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மனுஷன் கேட்கவில்லை. ஒருநாள் நைசாக ஸ்டார்ட் பண்ணி, கேட்டைத் தாண்டுவதற்குள் மறுபடி வண்டியைக் கீழே போட்டார். அதை அப்படியே மகனிடம் போட்டுக்கொடுத்தது ரத்தினபாய்தான்.

அதைக்கூட லாசரஸ் மன்னித்துவிட்டார். ஆனால் வண்டிக்கு மூடுவிழா நடத்த இன்றைய தேதிதானா கிடைத்தது? இன்றைக்கு அவர்களுக்குக் கல்யாண நாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் இருவரும் புல்லட்டில் கோவளம் போய், கடலைப் பார்த்தபடி வஞ்சிர வறுவல் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இந்த வருஷத்தோடு அது முடிந்தது.

“கார் புக் பண்றேன்பா. ஏசில ஜம்முனு போய்ட்டு வாங்க.”

“கார்ல உக்காந்தா ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்குடா.”

ஜாய்சன் அதைக் காதில் வாங்கவில்லை. “டயர்ல காத்து அடிச்சாச்சா?”

“நேத்து சாயங்காலமே ஆச்சு” என்றார் ரத்தினபாய்.

“டேங்க் ஃபுல்லா இருக்கணும்மா. காலியா இருந்தா உள்ள துரு புடிக்கும்.”

ரத்தினபாய் மூடியைத் திறந்து போனில் காட்டினார். பெட்ரோல் கழுத்து வரை நின்றது.

“பங்க்குக்கு யாரு எடுத்துட்டுப் போனது? அப்பாவா?”

லாசரஸும் நிமிர்ந்து பார்த்தார். நேற்று மாலை முழுக்க அவர் சர்ச் கமிட்டி மீட்டிங்கில் இருந்தார்.

“அப்பா வண்டியத் தொடவே இல்ல. அதுக்கு நான் கியாரண்டி” என்றார் ரத்தினபாய். அம்மா சொன்னால் அதற்கு மேல் அவனுக்கு அப்பீல் கிடையாது. அடுத்ததற்குப் போய்விட்டான்.

பூச்சி புகாமல் சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பை கட்டினார்கள். கடைசியாக பேட்டரி. மைனஸ் வயரை முதலில் கழற்றச் சொன்னான். ஸ்பேனரைத் திருப்பும்போது லாசரஸின் கண் கலங்கிவிட்டது. ஜாய்சனும் அதைப் பார்த்தான். ஆனாலும் விடவில்லை.

“அப்பா, ஒரு வாக்கு குடுங்க. இனிமே ஹேண்டில்பார்ல கை வைக்க மாட்டேன்னு.”

லாசரஸ் மனைவியைப் பார்த்தார். கொஞ்சமாவது பரிந்து பேசுவாள் என்ற நப்பாசை. ரத்தினபாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வைக்க மாட்டேன்டா” என்றார் லாசரஸ். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“மா, நீதான் பொறுப்பு.”

“நான் இருக்கிறவரைக்கும் அவர் கை அதுல படாது. நீ நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கு.”

புல்லட்டுக்குத் தலை முதல் கால் வரை கவர் போர்த்தினார்கள். ஜாய்சன் கல்யாண நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு போனை வைத்தான். லாசரஸ் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அந்த ஸ்பேனரை இப்படிக் குடுங்க.”

ரத்தினபாய் கவரை உருவிப் போட்டார். குந்தி உட்கார்ந்து பேட்டரி வயரை மாட்டினார், பிளஸ்ஸை முதலில். சைலன்சரில் இருந்த பையைப் பிய்த்து எறிந்தார். உள்ளே போய் இரண்டு ஹெல்மெட்டோடு வந்து, ஒன்றை லாசரஸ் தலையில் கவிழ்த்து வாரையும் மாட்டிவிட்டார்.

லாசரஸ் பதறிப்போனார். “ரத்னா, இப்பதான் புள்ளைக்கு வாக்கு குடுத்தேன். என்னால மீற முடியாது.”

“யாரு மீறச் சொன்னா?”

வண்டி ஸ்டாண்டிலிருந்து ஒரே தள்ளில் இறங்கியது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணியதும், புல்லட் உறுமுகிற சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“அப்ப யாரு ஓட்டுறது?” என்றார் லாசரஸ்.

“மூணு மாசமா நான் வாக்கிங்தான் போனேன்னு நெனச்சீங்களா? எங்கிட்டப் படிச்ச பசங்க வண்டில ஓட்டிப் பழகினேன். பின்னாடி ஏறி என் இடுப்பைப் புடிச்சுக்கங்க, ஹேண்டில்பாரைத்தானே தொடக்கூடாது.”