ஸ்டியரிங்கில் சொருகிய பாட்டில்

வண்டி இடித்து நின்றதும் அவன் முதலில் செய்த காரியம், ஸ்டியரிங்கில் சொருகி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை உருவி சீட்டுக்கு அடியில் தள்ளியதுதான்.

அடிபட்ட ஆள் என்ன ஆனார் என்று பார்த்தது அதற்குப் பிறகு.

பின்சீட்டில் இருந்த சுலோசனா இரண்டையும் அதே வரிசையில் பார்த்தாள்.

காளிகாட் மெட்ரோவுக்குச் சற்று முன்னால் நடுரோட்டில் இளநீர்க் காய்கள் உருண்டுகொண்டிருந்தன. சைக்கிள் இரண்டாக மடங்கிக் கிடந்தது. இளநீர்க்காரர் டிராம் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, "மா கோ, மா கோ" என்று வங்காளத்தில் அம்மாவைக் கூப்பிட்டு முனகினார். வலது பாதம் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

டீக்கடையில் நின்றவர்கள், ஆட்டோக்காரர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அவன் இறங்கினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். சுத்தமான வங்காளத்தில், குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொன்னான்.

"நான் மெதுவாத்தான் வந்தேன். இவர்தான் திடீர்னு குறுக்கே வந்துட்டார்."

இளநீர்க்காரருக்கு மறுத்துப் பேச மூச்சில்லை. கூட்டத்தில் இரண்டு பேர், சைக்கிள்காரர்களே இப்படித்தான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள்.

சுலோசனா குனிந்து சீட்டுக்கு அடியில் துழாவினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"பொய்!" என்றாள். அவளுடைய வங்காளமும் சுத்தம்தான். அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே தலை நரைத்தவள்.

பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். இது தானாகவே ஓடுகிற கார், ஆனால் ஸ்டியரிங்கில் கை இல்லாவிட்டால் பீப் பீப் என்று கூவும் என்றாள். கூவாமல் இருக்கத்தான் இது. இந்தப் பாட்டிலின் கனத்தை மனுஷன் கை என்று நம்பி கார் ஏமாந்துபோகும். நியூ டவுனில் கிளம்பியதிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தது இந்தப் பாட்டில்தான்.

அவன் வாயைத் திறந்தான். அவள் இடம் கொடுக்கவில்லை.

நியூ டவுன் ரோடு விமான ஓடுதளம் மாதிரி அகலம். அங்கே கமலாப்பழம் உரித்துத் தின்றுகொண்டு வந்தான். போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மேம்பாலத்தில் ஏறியதும் காலையும் மடக்கி சீட்டில் போட்டுக்கொண்டு, கார் தானாகப் போவதை வீடியோ எடுத்தான். கையை வை என்றாள். சிரித்தான். மனுஷனைவிட இதற்குக் கண் அதிகம் என்றான். பாலத்தை விட்டு இறங்கி, பஸ்ஸும் ரிக்‌ஷாவும் தள்ளுவண்டியும் ஒன்றையொன்று உரசுகிற இந்த ரோட்டுக்கு வந்தபிறகாவது பிடி என்று கத்தினாள். எடுத்த வீடியோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை.

மழை விட்ட ரோட்டில் டிராம் தண்டவாளம் பளபளத்தது. அதை ரோட்டில் போட்ட கோடு என்று நினைத்துக்கொண்டது கார். தண்டவாளம் வளைந்த பக்கமே தானும் வளைந்தது. ஓரமாகப் போய்க்கொண்டிருந்த இளநீர்க்காரரின் முதுகு நெருங்கி நெருங்கி வருவதை அவள் பின்சீட்டிலிருந்து பார்த்தாள்.

"இவர் குறுக்கே வரவே இல்லை. இவர் பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்தார். நாங்கதான் இவர் மேல போனோம்."

"பாவம் மாஷிமா, இப்படிப்பட்டவன் வண்டியில ஏறிட்டீங்களே," என்றார் ஆட்டோக்காரர் ஒருவர், அவளைச் சித்தி முறை வைத்து.

அதற்குள் இரண்டு இளைஞர்கள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள். அவன் முகத்தில் இருந்த தெளிவு எங்கேயோ போய்விட்டது. ஒரு கை ஓங்கியது.

சுலோசனா பாய்ந்து நடுவில் நின்றாள். ஓங்கிய கை அவள் தோளில் பட்டது.

"கை வைக்காதே! போலீஸ் வரட்டும். ஒண்ணு விடாம நானே சொல்றேன். அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்."

இவ்வளவு நேரம் அவனைக் காட்டிக்கொடுத்தவள் இப்போது ஏன் மறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று கூட்டத்துக்குப் புரியவில்லை. முணுமுணுத்தார்கள். ஆனால் காலரை விட்டார்கள். அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதைக்கூட எடுத்துப் போடவில்லை.

வெள்ளை உடுப்புப் போட்ட போலீஸ் சார்ஜென்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இளநீர்க்காரரைப் பார்த்தார். முதல் வேலையாக ஒரு மஞ்சள் டாக்ஸியை மறித்து நிறுத்தினார். நாலு பேர் அவரைப் பதமாகத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள்.

"வண்டியை ஓட்டினது யாரு?" என்று கேட்டார் சார்ஜென்ட்.

எல்லோரும் சுலோசனாவைப் பார்த்தார்கள். அவள் பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

"யாரும் ஓட்டலை," என்றாள். "ஓட்டுற சீட்டுல உட்கார்ந்திருந்தவன் பேரு மாதவ். என் பையன். எழுதிக்கோங்க."

காலரைப் பிடித்த இளைஞர்களில் ஒருவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"அம்மா," என்றான் மாதவ். அதுவரை வங்காளத்தில் மட்டுமே பேசியவன், அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்கே புரிகிற தமிழில் சொன்னான். "நீ என்கூட வாம்மா. ப்ளீஸ்."

சுலோசனா டாக்ஸியில் ஏறினாள். இளநீர்க்காரரின் திரும்பிப்போன காலை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.