ஒன்றுக்குப் பத்து

மாடி வராந்தாவில் மண்ணே இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் கீரை வளர்த்தார் கணக்கு வாத்தியார். வாரம் தவறாமல் பழைய தண்ணீரை மாற்றியாக வேண்டும். இன்றும் சொட்டு சிந்தாமல் வாளியில் பிடித்தார்.

"பேசாம சாக்கடையில ஊத்துங்களேன்," என்றாள் மனைவி.

"ஊத்தலாம். ஏரி முழுக்கப் பாசி புடிச்சு மீனெல்லாம் செத்து மிதக்கட்டும்! ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணி கலந்து கீழ் வாசல் செடிங்களுக்கு ஊத்துறேன். ரெண்டு மாசமா ஒரு இலை பழுத்திருக்கா பாரு!"

மனைவி டீயை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"கொஞ்ச நாளாவே உன் கைப்பக்குவம் சரியில்ல."

"என் கையவே குறை சொல்லுங்க. எல்லா வீட்லயும்தான் டீ கசக்குதாம். கீழ ப்ளம்பர் வந்திருக்காரு."

ஒரு கையில் வாளியும் மறு கையில் டீயுமாக வாத்தியார் இறங்கினார். ப்ளம்பர் செடித்தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, பாத்து! வேர் அசைஞ்சா பட்டுப்போயிடும்."

"பிளாஸ்டிக் செடி எங்க சார் பட்டுப்போறது?" ப்ளம்பர் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். "உடைஞ்ச மூடி தெரியக்கூடாதுன்னு வீட்டுக்காரர் வாங்கி வச்சது. எந்தப் புண்ணியவானோ இதுக்கும் உரத்தண்ணி ஊத்தியிருக்கான். அத்தனையும் உள்ள இறங்கியிருக்கு."

"உள்ளேன்னா?" கேட்டுவிட்டு வாத்தியார் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"நீங்க எல்லாரும் குடிக்கிற தண்ணித் தொட்டிக்குள்ள சார்."

வாத்தியாருக்கு வாயில் இருந்த டீயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, யாரோட கைப்பக்குவமாம்?"