பெண் முடிவு

"மைக்கை எனக்குக் குடுங்க. இன்னிக்கு நான் எழுதினதை நானே படிக்கிறேன்."

கேட்கவே கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியதைச் செலினா கேட்டேவிட்டாள். "காலேஜ் படிச்ச திமிரை அங்க காட்டாதே. மைக்கைத் தவிர என்ன வேணும்னாலும் கேளு" என்று நாலு வருஷமாக அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

'பான்', அதாவது ஐயா, என்று ஊரே மரியாதையாக அழைக்கிற ரோமுவால்ட் டையை நீவிவிட்டுக்கொண்டு சிரித்தார். அமெரிக்காவின் பஃபலோ ஊரில் குடியேறிய போலிஷ் குடும்பங்களுக்கு ரேடியோவில் வரும் அவர் குரல்தான் மதிய மணி. பன்னிரண்டு அடித்ததும் உருளைக்கிழங்கு உரிக்கிற பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவரைக் கண்டால் மொய்த்துக்கொள்வார்கள். அவரோ தொண்டையைத் தொட்டுக் காட்டி, டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சைகை செய்து, ஒவ்வொருத்தி கையிலும் ஒரு முத்தம் வைத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்.

"செலின்கா கண்ணு, பொம்பளைக் குரல் சாசேஜ் விக்காது. நீ வாயைத் திறந்தா விளம்பரம் குடுக்கிற கசாப்புக்கடைக்காரன் அடுத்த நிமிஷம் ஓடிப்போயிருவான்."

"சாசேஜ் வாங்கிறவங்க பொம்பளைங்கதானே? அவங்க அழுவுறது என் எழுத்துக்கு."

"உன் எழுத்துக்கா? போம்மா! நான் டெலிபோன் டைரக்டரியைப் படிச்சாலும் அவங்க அழுவாங்க."

"சரி, மைக் வேண்டாம். எழுதினது இன்னார்னு என் பேரையாவது கடைசியில சொல்லுங்க."

"கேட்டீங்களா டாய்ல் இந்தக் கூத்தை!" என்று அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியரைப் பார்த்துக் கத்தினார். "இரும்பாலையில கரி அள்ளுறவர் பொண்ணு. போனாப் போகுதுன்னு மேஜையும் நாற்காலியும் குடுத்து உக்கார வச்சேன். இப்ப பேர் வேற வேணுமாம். நாளைக்கு என் டையையும் கேப்பா."

"டை எனக்கெதுக்கு? அதை இறுக்கிக் கட்டித்தான் உங்களுக்குத் தலைக்கு ரத்தம் போகலை."

டாய்ல் குனிந்து சிரிப்பை அடக்கினார். ரோமுவால்டின் முகம் சிவந்தது. "இதே வாய் இருந்தா எந்த ஸ்டேஷன்லயும் நிலைக்க மாட்டே. ஒழுங்கா இன்னிக்குக் காகிதத்தைக் குடு."

செலினாவின் பையில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்றைப் பாதி வெளியே எடுத்தவள், அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை உள்ளே தள்ளி மற்றதை எடுத்து நீட்டினாள்.

"குறியெல்லாம் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன். நீலக் கோட்டுல சிரிப்பு, சிவப்புக் கோட்டுல தொண்டை அடைக்கணும். கடைசிப் பாரா நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா."

"அழுகை எத்தனை இடம்?"

"ஒண்ணுதான். ஆனா பெரிசு."

சிவப்பு விளக்கு எரிந்தது. செலினா கண்ணாடிக்கு வெளியே டாய்ல் இருந்த பக்கம் வந்து தன் மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். தேனை உருக்கி ஊற்றினாற்போல அந்தக் குரல் ஓட ஆரம்பித்தது. ஐரிஷ்காரரான டாய்லுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் தலை தானாக ஆடியது.

இரண்டாவது நிமிஷம் டெலிபோன் அடித்தது. எடுத்து வைப்பதற்குள் மறுபடி அடித்தது. மூன்றாவது அழைப்பில் டாய்ல் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஏம்மா, ரொட்டிக்கடைக்காரம்மா பேசுறாங்க. உங்க ஆளுக்குப் பைத்தியமா, ஏன் பொம்பளை மாதிரி பேசுறாருன்னு கேக்குறாங்க. எனக்குக் குரல் சரியாத்தானே கேக்குது?"

"குரல் இல்ல டாய்ல், வார்த்தையோட முடிவு. எங்க பாஷையில 'நான் எழுதினேன்'னு ஆம்பளை சொன்னா ஒரு முடிவு, பொம்பளை சொன்னா வேற முடிவு. நாலு வருஷமா அவருக்காக ஆம்பளை முடிவுல எழுதினேன். இன்னிக்கு என் முடிவுல எழுதியிருக்கேன்."

"அப்படி என்னத்தை எழுதித் தொலைச்சே?"

"'இத்தனை நாளா நீங்க கேட்டுச் சிரிச்சது, அழுதது எல்லாம் நான் எழுதினது. நான் ஒரு பொண்ணு. திங்கட்கிழமையிலிருந்து இதே நேரத்துக்கு ரேடியோ முள்ளை வலப்பக்கம் ரெண்டு விரக்கடை தள்ளி வையுங்க. அங்க இருக்கிற ஸ்டேஷன்ல என் வாயாலேயே பேசப்போறேன். என் பேரையும் அன்னிக்கு நானே சொல்லிக்குவேன்'னு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோமுவால்ட் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டார். நெஞ்சில் கை வைத்து, தொண்டை அடைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகப் படித்தார்.

டாய்ல் கையிலிருந்த டெலிபோன் நழுவி மேஜையில் விழுந்தது. "அடிப்பாவி! அவர் வாயாலேயே அவர் கடையை மூட வைக்கிறியே! முதல் வரியிலேயே மனுஷன் நிறுத்தியிருக்க வேண்டாமா?"

செலினா கதவைத் திறந்து வெளியே கால் வைத்தாள்.

"எப்படி நிறுத்துவார்? அவருக்குப் படிக்கத்தான் தெரியும், டாய்ல். போலிஷ் தெரியாது."