கணவர் பெயர்

காலையில் பல் தேய்க்கிறேன், டீ போட்டுக் குடிக்கிறேன், மரக்காணம் பஸ் ஏறுகிறேன். சுனாமி நிவாரண அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு குப்பத்துக்கும் புது டேட்டாபேஸ் உருவாக்கச் சொல்லி, சென்னையில் இருக்கும் சர்வருக்கு என் புரோகிராம் கட்டளை அனுப்பும். புதியது காலியாக இருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு பதிவு இருக்கிறது. வைஜெயந்தி, வயது இருபத்து மூன்று. கணவர் பெயர் இல்லை.

சென்னை மேனேஜர் போன் செய்தார். "ஏம்பா அருண்ராஜ், காலியா கேட்டா ஒரு பொம்பளைய வச்சு அனுப்புற? அதுக்குப் புருஷன் இல்லியா?"

"இருக்கான் சார்."

"நாளைக்கும் வந்துச்சுன்னா வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

ஒருமுறை புதைத்த மனைவியைத் தினமும் அழிக்கிறேன். கணவர் பெயர் இல்லாத பதிவை ஏற்காதே என்று புரோகிராமில் எழுதினேன். மறுநாளும் வந்திருந்தாள். கணவர் பெயருக்கான இடம் காலியாகவே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை.

சுனாமி வந்த ஞாயிறு காலை, மீன் வாங்கக் கரைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"என்னங்க, கதவைத் தாழ் போட்டுடாதீங்க. தோ வந்துடுறேன்."