தலையாட்டி ஹெல்மெட்

“இந்தப் படத்துல எத்தனை தப்பு இருக்குன்னு யாராவது பார்த்தீங்களா?”

கத்தரி இப்படிக் கேட்டதுமே புதுசு நாற்காலியில் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தாள். திரையில் இருந்தது அவள் செய்த படம்.

‘தலையாட்டி ஹெல்மெட். மீட்டிங்கில் நீங்கள் தூங்கினாலும் தலை தானாக ஆடும். “ஆமாம் சார்” என்னும் குரல் வசதி உண்டு.’

அந்த விளம்பர ஆபீசின் டிசைன் ரூமில் வெள்ளிக்கிழமை மத்தியானம் இது ஒரு வழக்கம். உலகத்தில் இல்லாத மெஷினை இருக்கிற மாதிரி ஒட்டுவேலை செய்து, ஆளுக்கொரு நக்கல் படம் போட வேண்டும். யார் படம் என்று மூச்சு விடக் கூடாது. குறையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ஓரத்தில் பேர் ஏறும். முகத்தைப் பார்த்துக் குறை சொல்லக் கூடாதாம்.

குறை சொல்கிறவர் ரூமின் தலைமை டிசைனர். எதைக் கொடுத்தாலும் வெட்டுவார் என்பதால் கத்தரி.

ரூமுக்குக் கடைசியாக வந்தவள் என்பதால் அவள் புதுசு. அவளுடைய பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. வேலையில் வைப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் இதே கத்தரி. அம்மாவிடம் “வேலை நிரந்தரமாயிடுச்சும்மா” என்று போன வாரமே பொய் சொல்லி வைத்திருக்கிறாள்.

“ஹெல்மெட்டுக்கு இடது பக்கம் வெளிச்சம். ஆளுக்கு வலது பக்கம் வெளிச்சம். இவருக்கு மட்டும் ரெண்டு சூரியனா?”

ரூம் சிரித்தது. புதுசும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

“கழுத்து ஒட்டின இடம் பல்லை இளிக்குது. உடம்பை எங்கேருந்து பிடிச்சாங்களோ.”

உடம்பு, ஆபீசின் பழைய படங்கள் கிடக்கும் ஃபோல்டரில் கிடைத்தது. கோட்டும் கட்டம் போட்ட டையும் போட்ட, தலை வெட்டிய யாரோ ஒருவர். தலைதான் இல்லையே, வசதியாகப் போச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் அக்கா போனும் கையுமாகக் குலுங்கிக் கொண்டிருந்தாள். ரூமில் எல்லாருக்கும் அவள் அக்காதான். “சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதுடி. திரையைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்ல போட்டுட்டேன். எல்லாரும் பார்க்கட்டும்.”

கொஞ்ச நேரத்தில் கத்தரியின் போன் அடித்தது.

“சொல்லுங்க சார்... ஆமா சார், எங்க ரூம்தான்... நானே கொண்டு வரேன் சார்.”

போனை வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பிறகு திரும்பினார்.

“இது யாரோடது?”

அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. புதுசு கையைத் தூக்கினாள்.

“ஃபைலை எனக்கு அனுப்பு. அனுப்பிட்டு உன் கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சிடு.”

“சார், அது வந்து...”

“அழிச்சியா?”

அழித்தாள். அவர் தன் மேஜையில் உட்கார்ந்து ஓரத்தில் பேர் அடித்தார். அவருடைய பேர். பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

“பார்த்தியா கூத்தை?” என்றாள் அக்கா. “எம்.டி.க்குப் படம் பிடிச்சுப் போய்க் கூப்பிட்டிருக்கார். இந்த மனுஷன் உன் உழைப்பை அப்படியே வாயில போட்டுக்கிட்டார். பேர் போடாதே, பேர் போடாதேன்னு சட்டம் பேசினதெல்லாம் இதுக்குத்தான் போல.”

“விடுங்கக்கா.”

“என்னத்தை விடுறது? இப்பவே மேல போய் அது என் படம்னு சொல்லு. உனக்கு வேலையே உறுதியாயிடும். நான் இருக்கேன்.”

போனால் கத்தரியின் பகை. போகாவிட்டால் படம் போச்சு. மாடி ஏறினாள். எம்.டி. அறைக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

“என் டை எனக்குத் தெரியாதா?” உள்ளே எம்.டி.யின் குரல். “என் தலையை வெட்டிட்டு ஹெல்மெட் மாட்டி, ஆபீஸ் பூரா சிரிக்குது. யாராவது பயிற்சிக்கு வந்ததுதான் இதைப் பண்ணியிருக்கும். பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே அனுப்பிடறேன்.”

“ஓரத்துல பேர் இருக்கு, பாருங்க சார். பயிற்சிக்கு வந்த பிள்ளைங்களுக்கு இவ்வளவு கச்சிதமா ஒட்ட வருமா? கழுத்துல ஒட்டே தெரியல பாருங்க. நான்தான் சார் பண்ணினேன்.”

காகிதத்தை மேஜைமேல் எறியும் சத்தம் கேட்டது.

“அப்போ திங்கட்கிழமையிலேருந்து அந்தக் கச்சிதமான கை, குடோன்ல பெட்டிக்கு லேபிள் ஒட்டட்டும்.”

“சரி சார்.”

புதுசின் கை கதவைத் தட்டாமலே கீழே இறங்கியது. படி இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “சொல்லிட்டியா?” என்றாள் அக்கா.

கத்தரி வந்தார். தன் மேஜைமேல் இருந்த டீ கப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“திங்கட்கிழமையிலேருந்து நான் இங்க இல்ல. அந்த ஹெல்மெட் என் படம். மேலேருந்து யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். என்ன, சரிதானே?”

எல்லாரையும் பார்த்துக் கேட்டவர், கடைசியாகப் புதுசைப் பார்த்தார்.

‘இல்ல சார், அது என்னோடது’ என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகம் வந்து முன்னால் நின்றது.

அவள் தலை தானாக ஆடியது. ஹெல்மெட் இல்லாமலே.