காது குத்திய காசு

அந்தக் கடற்கரை ஊரில் பிறக்கிற பிள்ளைகளின் இடுப்புக்கயிற்றில் நடுவே ஓட்டை உள்ள காசு ஒன்று தொங்கும். வெள்ளைக்காரன் அடித்த காசு அது. அவன் மூட்டை கட்டிக்கொண்டு போன வருடம், மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சின்ன நாடு தன் சொந்தக் காசை அடித்தது. அதில் தலைத்துணி கட்டிய ஒரு சந்தைக்காரியின் பக்கவாட்டு முகம். ஓட்டைதான் இல்லை.

எசி தன் பன்னிரண்டு நாள் மகளை முதுகில் கட்டிக்கொண்டு, நகை வேலை செய்கிற யாவிடம் வந்தாள்.

"இவ நம்ம நாட்டுல பொறந்தவ அண்ணே. பழைய காசு இவளுக்கு வேண்டாம். இந்தப் புதுக் காசுல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க."

யாவ் காசைக் கட்டையில் வைத்து, நடுவில் எஃகு ஆணியை நிறுத்தினார். சரியாகக் கன்னத்தின் மேல்.

"ஐயோ, கன்னத்துலயா?"

நெற்றிக்கு நகர்த்தினார். அவருக்கே மனம் வரவில்லை. கழுத்துக்கு இறக்கினார். எசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாவ் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் காது குத்துகிறவர் அவர்தான். எசிக்கும் அவர்தான் குத்தினார். தலைத்துணிக்குக் கீழே சந்தைக்காரியின் காதுமடல் தெரிந்தது. படம் வரைந்தவன் கம்மல் போட மறந்திருந்தான்.

"இங்க குத்தினா கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

ஒரே அடி. எசி கயிற்றை நீட்டினாள். யாவ் கவனிக்கவில்லை. காசை உதட்டருகே கொண்டுபோய், குத்திய இடத்தில் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான் கண்ணு. ஆச்சு, ஆச்சு."